சுனிதி சாலமன்: இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்த டாக்டர், கல்யாணத் தரகர் ஆனது ஏன்?

சிங்காநல்லூரில் பஸ் ஏறி திருச்சி ரோட்டிலேயே நேராகப் போனால் கோவை ஜி.எச். வந்துவிடும். அங்கே இருக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் எச்.ஐ.வி. தொற்றுக்கான மருந்து இலவசம். பெரும்பாலானவர்களுக்கு தினமும் ஒரே ஒரு மாத்திரைதான். சீக்கிரமே ஆரம்பித்து விடாமல் சாப்பிட்டால், தொற்று இல்லாத ஒருவர் வாழும் காலத்தை ஏறக்குறைய இவர்களும் வாழ்ந்துவிடலாம்.

40 வருஷத்துக்கு முன்னால் நிலைமை வேறு. இது வெளிநாட்டு நோய், நம்ம ஊருக்கெல்லாம் வராது என்றுதான் டாக்டர்கள் உட்பட பலரும் நினைத்தார்கள். அந்த நினைப்பை உடைத்தவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமன்.

யார் இவர்?

சென்னையில் தோல் வியாபாரம் செய்துவந்த மராட்டியக் குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் சுனிதி ஒருவர்தான் பெண். அம்மை ஊசி போட வருஷா வருஷம் வீட்டுக்கு வரும் சுகாதார அதிகாரியைப் பார்த்துத்தான் மருத்துவம் படிக்கும் ஆசை வந்ததாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது சந்தித்த விக்டர் சாலமனைத் திருமணம் செய்துகொண்டார். அவர் இதய அறுவை சிகிச்சை நிபுணர். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றிவிட்டு இருவரும் 1973-ல் சென்னை திரும்பினார்கள். சுனிதி நுண்ணுயிரியலில் மேற்படிப்பு முடித்து, படித்த கல்லூரியிலேயே பேராசிரியர் ஆனார்.

1981-ல் அமெரிக்காவில் எய்ட்ஸ் பற்றி முதல் தகவல் வந்ததில் இருந்தே அவர் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்குத் தலைப்பு தேடி வந்த மாணவி நிர்மலாவிடம், சென்னையில் பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்று சொன்னார். நிர்மலாவுக்கு அப்போது இந்த நோயைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனாலும் அரசு காப்பகத்தில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரி வாங்கி, வீட்டு ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்தினார். சென்னையில் அதைச் சோதிக்க வசதி கிடையாது. அதனால் ஐஸ் பெட்டியில் வைத்து, கணவரோடு ரயில் ஏறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார்.

ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அதாவது, ஆறு பேருக்குத் தொற்று. அமெரிக்காவில் மறுபடி சோதித்தபோதும் அதே முடிவுதான். 1986-ல் அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் ஹண்டே இதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாடே அதிர்ந்தது. சிலர் இந்த முடிவை நம்பவே மறுத்தார்கள்.

கண்டுபிடித்ததோடு நிறுத்தவில்லை

ஒரு பேராசிரியருக்கு இந்தக் கண்டுபிடிப்பு ஒன்றே போதும், ஆயுசுக்கும் பேர் சொல்லும். சுனிதிக்கு அது போதவில்லை. மருத்துவக் கல்லூரியிலேயே எய்ட்ஸுக்கென ஒரு தனிக் குழுவைத் தொடங்கினார். பிறகு 1993-ல் தன் அப்பா பெயரில் ஒய்.ஆர். கெய்டோண்டே எய்ட்ஸ் ஆராய்ச்சி மையத்தை ஆரம்பித்தார். சுருக்கமாக ஒய்.ஆர்.ஜி. கேர். பின்னாளில் இது தரமணி வி.எச்.எஸ். வளாகத்தில் இயங்கியது.

இந்த நோயாளிகளோடு வேலை பார்க்க வேண்டாம் என்று ஆரம்பத்தில் கணவரே தடுத்தார். அன்றைக்கு இருந்த பயம் அப்படி. தொற்று இருப்பது தெரிந்தால் மருத்துவமனைகள் சேர்க்காது, வீட்டில் தட்டு டம்ளரைத் தனியாக வைப்பார்கள். சுனிதியின் பதில் எளிமையானது: அவர்களின் கதையைக் கேட்டால் நீங்களும் தடுக்க மாட்டீர்கள்.

அப்படிக் கேட்ட கதைகளில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. மையத்துக்கு வந்த பெண்களில் பெரும்பாலானவர்கள் குடும்பப் பெண்கள், கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள். கல்யாணம்தான் அவர்களுக்குத் தொற்றைக் கொண்டுவந்திருந்தது. லாரித் தொழிலை நம்பியிருக்கும் நாமக்கல் உள்ளிட்ட கொங்கு மாவட்டங்களுக்கு இது புரியாத கதை இல்லை. தமிழ்நாட்டில் தொற்று அதிகம் பதிவான மாவட்டங்களில் நாமக்கல்லும் ஒன்று. 2000-களின் தொடக்கத்தில் சுவர் சுவராக இருந்த புள்ளிராஜா விளம்பரம் ஆண்களைக் குறிவைத்ததற்கு இதுதான் காரணம்.

ஆயுள் எப்படி நீண்டது?

எச்.ஐ.வி. வைரஸ் நம் உடம்பின் காவல் படையான சிடி4 செல்களை அழிக்கும். ஆரோக்கியமான ஒருவருக்கு இந்த எண்ணிக்கை 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே போனால் அதுதான் எய்ட்ஸ் நிலை. மருந்தே எடுக்காவிட்டால் அந்த நிலைக்குப் போக சராசரியாகப் பத்து வருஷம் ஆகலாம். நம் நாட்டில் அதற்குப் பிறகு உயிரை எடுப்பது பெரும்பாலும் காசநோய்தான்.

மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்கிவிடும் என்று 1996-ல் தெரியவந்தது. ஆனால் ஒருவருக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் செலவு. யாரால் முடியும்? 2001-ல் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் 1-ம் தேதி மத்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதல் எட்டு மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று.

பலன் எவ்வளவு? ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. 1996-99 காலகட்டத்தில் மருந்து எடுத்த 20 வயதுக்காரர் இன்னும் 36 வருஷம் வாழ்வார் என்றது கணக்கு. 2003-05-ல் அதுவே 49 வருஷமானது. அதாவது 56 வயது என்பது 69 ஆகிவிட்டது. இன்று சிடி4 நன்றாக இருக்கும்போதே மருந்தைத் தொடங்குபவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆயுளில் சில வருஷங்கள்தான் வித்தியாசம். சிடி4 விழுந்த பிறகு வருபவர்களுக்கு அந்த இடைவெளி பெரிசு. எப்போது டெஸ்ட் எடுத்தோம் என்பதுதான் இங்கே கணக்கு.

இன்னொரு முக்கியமான விஷயம். ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளை வைத்து நடந்த ஆய்வில் சுனிதியின் மையமும் பங்கெடுத்தது. தம்பதிகளில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருக்கும். அவர் சீக்கிரமே மருந்தைத் தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் முடிவு வந்தது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் பரவாது என்று இன்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அதற்கு வழிபோட்ட ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

சிடி4 பார்த்து வரன்

ஆயுள் நீண்டதும் நோயாளிகளின் கேள்விகள் மாறின. இன்னும் எத்தனை நாள் என்று கேட்டவர்கள், கல்யாணம் பண்ணிக்கலாமா, குழந்தை பெத்துக்கலாமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டிலோ கல்யாணத்துக்கு நெருக்கடி. தொற்றை மறைத்துக் கட்டிக்கொண்டால் இன்னொரு உயிருக்கு ஆபத்து, உண்மையைச் சொன்னால் வரனே கிடையாது.

சட்டமும் அப்போது கைகொடுக்கவில்லை. 1998-ல் ஒரு வழக்கில், எச்.ஐ.வி. உள்ளவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்படுவதாக உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 2002-ல் தான் அந்தக் கருத்து தேவையற்றது என்று தெளிவுபடுத்தியது.

சுனிதி தரகர் வேலையில் இறங்கினார். தொற்றுள்ள ஆணுக்கும் தொற்றுள்ள பெண்ணுக்கும் பொருத்தம் பார்த்தார். படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் வழக்கம்போல. ஜாதகக் கட்டத்துக்குப் பதில் சிடி4 எண்ணிக்கையும் வைரஸ் அளவும். இவர் செய்த எல்லா வேலையிலும் இதுதான் தைரியமானது என்று தோன்றுகிறது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுத நிறைய பேர் இருக்காங்க, பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போற பேராசிரியர் எத்தனை பேர்?

குழந்தை விஷயத்திலும் பயம் குறைந்திருந்தது. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையான சிகிச்சை எடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே.

இந்தக் கல்யாணக் கதையை வைத்து எடுத்த 'லவ்சிக்' ஆவணப்படம் 2017-ல் வந்தது. அதைப் பார்க்க சுனிதி இல்லை. கல்லீரல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு இரண்டே மாதத்தில், 2015 ஜூலை 28-ல் சென்னையில் 76 வயதில் காலமானார். 2017-ல் அவருக்கு மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே வருஷம் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டமும் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்தது. தொற்றைக் காரணம் காட்டி வேலை, வாடகை வீடு, சிகிச்சை எதையும் மறுக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் ஒருவரின் தொற்றை வெளியே சொல்லவும் கூடாது.

இப்போ என்ன செய்யணும்?

சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் டெஸ்ட் எடுக்கலாம். காசு கிடையாது, விவரம் ரகசியமாக இருக்கும். தொற்று உறுதியானால் சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடனே மருந்து தொடங்கலாம், 2017 முதல் அதுதான் அரசின் கொள்கை. மாத்திரையை தினமும் ஒரே நேரத்தில் போடணும். உடம்பு தேறிடுச்சே என்று நடுவில் நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்கே அடங்காமலும் போகலாம். காசநோய்ப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. சிகரெட்டை விட்டாகணும். வயசாக ஆக சுகர், பிரஷர், இதயம், கிட்னி எல்லாவற்றையும் மற்றவர்களைப் போலவே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தெரிஞ்சவங்க யாராவது பார்த்துடுவாங்களோ என்ற பயத்தில் டெஸ்டைத் தள்ளிப்போடுபவர்கள், முதலில் போனில் பேசலாம். தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097. கட்டணம் இல்லை.