ரெண்டு மாத்திரைக்குப் பின்னால் ஒரு மனுஷர்

மலருக்கு ஒரு பெரியவர் வாழ்க்கையை எழுதச் சொன்னார்கள். நான் எழுதப்போறது டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் பற்றி.

காரணம் எங்க வீட்டிலேயே இருக்கு. திருக்கழுக்குன்றம் பக்கம் எங்க ஊர். மாமியாருக்கு எட்டு வருஷமா முடக்குவாதம். காலையில எழுந்தா விரல் மடங்காது. அவங்க சாப்பிடுற மாத்திரை மெத்தோட்ரெக்சேட். நானோ மூத்தவளை வயித்துல வச்சிருந்தப்போ, குமட்டுதுன்னு சிவப்பு சத்து மாத்திரையைப் பாதிக்கு மேல கொல்லையில வீசினவள். ஏழாம் மாசம் ரத்தம் 7 பாயிண்டுக்கு இறங்கி, பெரியாஸ்பத்திரியில ரத்தம் ஏத்தினாங்க. அந்த மாத்திரையில் இரும்புச் சத்தோடு ஃபோலிக் ஆசிட் இருக்கு. மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் ஆசிட் ரெண்டுக்கும் பின்னால் சுப்பாராவ் இருக்கிறார்.

1895-ல் அன்றைய சென்னை மாகாணத்து பீமவரத்தில் பிறந்தார். பள்ளிக்கூடப் படிப்பில் தடுமாறி, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாவது தடவைதான் மெட்ரிக் பாஸானார். (நம்ம பிள்ளைங்க ஒரு தடவை ஃபெயிலானா என்ன பேச்சு பேசுறோம்!) அண்ணன் ஸ்புரூ என்ற வயிற்று நோயில் இறந்தார். அந்த நோயில் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, ரத்தம் வற்றிப்போகும். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர்த் துணியில் அங்கி போட்டுப் போனது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். தராமல் எல்.எம்.எஸ். என்ற குறைந்த பட்டம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

முப்பது வயசுக்குள் மாமனார் உதவியோடு அமெரிக்கா போனார். பாஸ்டனில் பகலில் படிப்பு. ராத்திரி ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலஜலம் எடுத்துச் சுத்தம் செய்யும் வேலை. பிறகு ஹார்வர்டில் வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்தும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி என்ற மருந்து கம்பெனியில் சேர்ந்தார்.

இங்கே இன்னொருத்தங்களைச் சொல்லணும். லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து பெண் டாக்டர், பம்பாய் மில் வேலைக்காரப் பெண்கள் கர்ப்பத்தில் சோகை பிடித்துச் சாவதைப் பார்த்து ஆராய்ச்சி தொடங்கினார். 1931-ல் நம்ம திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை தீருது என்று கண்டுபிடித்தார். ஆனால் அதில் இருக்கும் சத்து எதுவென்று அப்போது தெரியவில்லை. பிறகுதான் அது ஃபோலிக் ஆசிட் என்று தெளிவானது. முருங்கை, அரைக்கீரை போன்ற கீரைகளிலும் இருப்பதுதான். 1945-ல் சுப்பாராவின் குழு அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டியது. அண்ணனைக் கொண்டுபோன ஸ்புரூவுக்கும் அது மருந்தானது.

அதோடு விடவில்லை. ஃபோலிக் ஆசிட் மாதிரியே தோற்றம் காட்டி, செல் பெருகுவதைத் தடுக்கிற மருந்துகளையும் அவர் குழு செய்தது. பூட்டுக்குள்ளே போய்த் திரும்பாமல் நிற்கிற மாற்றுச் சாவி மாதிரி. 1947-ல் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அப்படி ஒரு மருந்தைக் கொடுத்தார். சில குழந்தைகள் கொஞ்ச காலமாவது எழுந்து நடமாடினார்கள். அந்த வரிசையில் வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதம் என்பது, நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம்ம மூட்டை எதிரி என்று நினைத்துத் தாக்குவது. இந்த மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் அந்தத் தாக்குதல் அடங்குது.

முன்னெல்லாம் வருஷா வருஷம் வீடு வீடாக வந்து யானைக்கால் மாத்திரையை முழுங்க வைத்தார்களே, அந்த டி.இ.சி. மருந்தும் அவர் குழுவிலிருந்து வந்ததுதான்.

1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் தூக்கத்திலேயே இறந்தார். வயசு 53. ஊர் திரும்பவே இல்லை. எனக்கு அவர் மனைவி சேஷகிரியை நினைத்தால்தான் மனசு ஆறலை. கர்ப்பிணியாக விட்டுட்டுப் போனார். பிறந்த மகன் கைக்குழந்தையிலேயே போயிட்டான். அப்பா முகத்தை அவன் பார்க்கவில்லை. அந்தம்மாவும் புருஷனை மறுபடி பார்க்கவில்லை. இவ்வளவு பெரிய மனுஷர்தான், ஆனாலும் இதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுறவங்க உங்க வீட்டிலும் இருக்கலாம். அது வாரத்தில் ஒரே நாள். தினமும் முழுங்கினா உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மாமியாருக்குப் புதன்கிழமை அது, வெள்ளிக்கிழமை ஃபோலிக் ஆசிட். மறந்துடக் கூடாதுன்னு காலண்டரில் என் பெண்தான் வட்டம் போடுறாள்.