தாவரவியலாளர் ஜானகி அம்மாள்

எடவலத்து கக்காட்டு ஜானகி 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். இன்று கேரள மாநிலத்தில் உள்ள அந்தக் கடலோர நகரம் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தை கிருஷ்ணன் துணை நீதிபதி. வழக்குகளுக்கு நடுவிலும் தோட்டத்தைக் கவனிப்பார். பறவைகளைப் பற்றி எழுதுவார். 19 பிள்ளைகள் கொண்ட அந்தப் பெரிய வீட்டில், செடிகொடிகளின் மேல் தந்தைக்கு இருந்த ஆசை ஜானகியையும் பற்றிக்கொண்டது.

அவருடைய சகோதரிகள் பெரியோர் பார்த்துவைத்த மாப்பிள்ளைகளை மணந்துகொண்டனர். ஜானகியோ சென்னை சென்று, இராணி மேரி கல்லூரியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1921ஆம் ஆண்டு தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். சிறிது காலம் சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் கற்பித்தார். ஆசியப் பெண்களுக்கென வழங்கப்பட்ட பார்பர் உபகாரச் சம்பளம் அவரை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் சென்றது. 1931ஆம் ஆண்டு அங்கு அவர் முனைவர் பட்டம் பெற்றார். இந்தியாவில் பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதே அரிதாக இருந்த காலம் அது. அவர் இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஜானகி தேர்ந்தெடுத்த துறை மரபியல். பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதை ஆராயும் இத்துறை அப்போது மிகவும் இளையது. கிரெகோர் மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடிகளை வைத்துச் செய்த ஆய்வை 1866ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். ஆனால், அது கவனிப்பாரின்றிக் கிடந்து, 1900ஆம் ஆண்டில்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. மெண்டல் உயரச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தபோது பிறந்தவை எல்லாம் உயரமாகவே இருந்தன. அவற்றின் விதைகளை மீண்டும் விதைத்தபோது 1064 செடிகளில் 787 உயரமாகவும் 277 குட்டையாகவும் வளர்ந்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மறைந்துபோனதாகத் தோன்றிய குட்டைப் பண்பு, பேரப்பிள்ளைகளிடம் திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு பண்புக்கும் ஒரு செடியில் இரண்டு காரணிகள் உண்டு, அவற்றுள் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வருகிறது என்று மெண்டல் கண்டார். இக்காரணிகளையே இன்று மரபணுக்கள் என்கிறோம்.

ஜொகூர் மாணவர்கள் இதைப் பட்டாணியில் தேட வேண்டியதில்லை. குளுவாங் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் செம்பனை நிற்கிறது. டூரா வகைப் பழத்தில் ஓடு தடிப்பாக இருக்கும். பிசிஃபெரா வகையில் ஓடே இராது. இவ்விரண்டையும் கலந்து பெறும் தெனெரா வகையில் ஓடு மெல்லியதாகவும் எண்ணெய் தரும் சதை மிகுதியாகவும் இருக்கும். இங்கு எந்தக் காரணியும் மற்றதை முழுவதும் மறைப்பதில்லை. இதைத் தெரியாத ஒருவர் தெனெரா மரத்தடியில் விழுந்த விதைகளைப் பொறுக்கி நட்டால் என்ன ஆகும்? தந்தை மரமும் தெனெராவாக இருந்தால், கன்றுகளில் பாதிதான் தெனெராவாக அமையும். கால் பங்கு டூரா. மீதிக் கால் பங்கு பிசிஃபெரா. அதன் குலைகள் பெரும்பாலும் முற்றாமலே அழுகிவிடும். இது தெரியவர மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

மரபணுக்கள் உயிரணுவுக்குள் குரோமோசோம் என்ற இழைகளில் அமைந்துள்ளன. பட்டாணியில் 14 குரோமோசோம்கள்; மனிதரில் 46. மகரந்தமும் சூல் அணுவும் உருவாகும்போது இந்த எண்ணிக்கை பாதியாகும். இரண்டும் சேரும்போது மீண்டும் முழுமையாகும். குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தால் ஒரு செடியின் பெற்றோரைப் பற்றி நிறைய சொல்ல முடியும். ஜானகி தம் வாழ்நாள் முழுதும் செய்த வேலை இதுவே. வளரும் வேர்நுனியை மிக மெல்லிய சீவல்களாக அரிந்து, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஒவ்வோர் இழையாக எண்ண வேண்டும். கண்ணும் பொறுமையும் வேண்டிய வேலை.

1934ஆம் ஆண்டு அவர் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். இந்தியக் கரும்பை இனிக்கச் செய்தவரே ஜானகி அம்மாள் எனச் சிலர் எழுதுவதுண்டு. அது முழு உண்மையன்று. இனிப்பான கரும்பையும் நோயைத் தாங்கும் காட்டு நாணலையும் கலந்து உருவாக்கிய கோ 205 என்ற வகை, 1918ஆம் ஆண்டிலேயே உழவர்களுக்குக் கிடைத்துவிட்டது. பார்பர், வெங்கட்ராமன் ஆகியோரின் உழைப்பு அது. கலப்பினத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஆராய்வது ஜானகியின் பங்காயிற்று.

அந்தக் கணக்கு எளிதானதன்று. இனிப்புக் கரும்பில் 80 குரோமோசோம்கள். கோயம்புத்தூர் நாணலில் 64. இரண்டிலும் பாதி சேர்ந்தால் 72 வர வேண்டும். ஆனால், அத்தகைய கலப்பினத்தில் இருப்பவை 112! தாய்க் கரும்பு பாதிக்குப் பதிலாகத் தன் 80 குரோமோசோம்களையும் அப்படியே கொடுத்துவிடுகிறது. தாய் முழுவதையும் கொடுக்கும் இந்த விந்தையை, ஜாவாவில் பணியாற்றிய டச்சு அறிவியலாளர் பிரெமர் முன்னரே கண்டிருந்தார். ஜானகி இன்னும் தொலைவு சென்றார். காட்டு நாணல்கள் பலவற்றை ஆராய்ந்தார். கரும்பைச் சோளத்தோடும், நம் தோட்டங்களில் வெட்ட வெட்ட முளைக்கும் லாலாங் இனப் புல்லோடும்கூடக் கலந்து பார்த்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்ததைப் பற்றி 1938ஆம் ஆண்டு ‘நேச்சர்’ ஆய்விதழில் எழுதினார்.

எனினும், ஆண்களே நிறைந்திருந்த ஆய்வு உலகில் தனித்து வாழும் பெண்ணாகவும், தாழ்வாக மதிக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவராகவும் அவர் பல கசப்புகளைச் சந்தித்தார். 1939ஆம் ஆண்டு எடின்பரோவில் நடந்த அனைத்துலக மரபியல் மாநாட்டுக்குச் சென்றார். அந்நேரத்தில் போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். இலண்டனில் குண்டுகள் விழுந்த ஆண்டுகளில் ஜான் இன்ஸ் ஆய்வு நிலையத்தில் நுண்ணோக்கியைவிட்டு விலகாமல் உழைத்தார். டார்லிங்டன் என்பவருடன் சேர்ந்து, உலகில் பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

பின்னர் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கொல்சிசின் என்ற மருந்தை இட்டு, அவற்றின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். அவ்வாறு வளர்ந்த மரங்களில் ஒரு வகை இன்றும் அவர் பெயரைத் தாங்கிப் பூக்கிறது. நம் செங்காந்தள் கிழங்கில் இருக்கும் நஞ்சும் இதே கொல்சிசின்தான்.

1951ஆம் ஆண்டு பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைத்தார். 1970ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் கள ஆய்வுக்கூடத்தில் பணியைத் தொடர்ந்தார். 1977ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அப்போது கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சாரத்திற்காக அணை கட்டும் திட்டம் எழுந்தது. பழமையான மழைக்காடு நீரில் மூழ்கிவிடும் நிலை. ஒரு காட்டினம் அழிந்தால் அதில் மட்டுமே இருந்த மரபணுக்களும் போய்விடும் என்பது, நாணலோடு வாழ்ந்த ஜானகிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்பது வயதைக் கடந்திருந்த அவர் அணைத் திட்டத்தை எதிர்த்தார். அக்காட்டுத் தாவரங்களின் குரோமோசோம்களை எண்ணும் பணியையும் தொடங்கினார்.

1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் மதுரவாயலில் அவர் காலமானார். அதற்குள் அணைத் திட்டம் கைவிடப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.