பிறர் ஒப்பத்துக்குப் பிணை நின்றவர்

பழைய நாணயத் தாள்களைத் தேடிச் சேர்ப்போர் சிலரை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நான் அறிவேன். அவருள் ஒரு சாரார் தாளின் தொகையையோ சித்திரத்தையோ பெரிதாக எண்ணுவதில்லை. அதன்கண் உள்ள கையொப்பத்தையே நாடுவர். 1951ஆம் ஆண்டு இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட தாள்களில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் ஒப்பமும், வங்கியின் முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்ரரின் ஒப்பமும் உடன் நிற்பதைக் காட்டி மகிழ்வர். அச்சிற் பதிந்த ஒப்பத்தினும் மையினாற் கைப்பட இட்ட ஒப்பத்துக்கு அவர்கள் தரும் மதிப்பு மிகப் பெரிது.

இவ்வார்வத்தை வீண் பொழுதுபோக்கு என்பாரும் உளர். நான் அவ்வாறு கருதேன். தாள் தன்னளவில் விலையற்றது. அதற்கு விலை தருவது ஒருவர் கொடுத்த வாக்கு; அவ்வாக்கின் அடையாளமே ஒப்பம். வாக்குப் பொய்த்தால் தாள் வெறுந்தாளாகும். அத்தகைய ஒரு நாளில், தம் ஒப்பம் இல்லாத தாள்களுக்குத் தம் அரசைப் பிணை நிறுத்திய ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர் 1883 முதல் 1890 வரை இலங்கைத் தேசாதிபதியாக விளங்கிய சேர் ஆதர் ஹமில்டன் கோர்டன்.

கோர்டன் 1829ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் தேதி இலண்டனிற் பிறந்தார். அபடீன் பிரபுவின் கடைசிப் புதல்வர் அவர். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். கேம்பிரிட்ஜ் திரித்துவக் கல்லூரியிற் கற்றுத் தேறியபின், பிரதமராயிருந்த தந்தைக்கு அந்தரங்கச் செயலாளரானார். கிரைமியப் போரின் குறைகள் அனைத்தும் தந்தையின் தலைமேல் விழுந்து, 1855இல் அவர் பதவி துறந்ததை மகன் அருகிருந்து கண்டார். பொறுப்பில் இருப்பவன் பிறர் செயலுக்கும் விடைகூற வேண்டும் என்பதை இளமையிலேயே உணர்ந்தவர் அவர்.

1861இல் நியூ பிரன்ஸ்விக் ஆட்சி, 1866இல் திரினிடாட், 1871இல் மொரீசியஸ். இம்மூன்றாவது இடத்திலேதான் கையொப்பம் என்பதன் வலிமை அவர் முன் வந்து நின்றது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் அலைக்கழிக்கப்பட்ட இந்தியத் தொழிலாளரின் குறைகளை எடுத்துரைத்து, அடோல்ஃப் டி பிளேவிட்ஸ் என்பார் விண்ணப்பம் ஒன்று கொணர்ந்தார். அதன்கண் 9,401 தொழிலாளரின் ஒப்பங்கள் இருந்தன. தோட்ட முதலாளிகள் சினந்தனர். கோர்டனோ விசாரணை வேண்டும் என்ற பக்கத்தில் நின்றார். 1872இல் அரச விசாரணைக்குழு அமைந்தது. அது கண்ட உண்மைகள் தொழிலாளரின் முறைப்பாட்டுக்கு அரண் செய்தன.

அடுத்து, 1875இல் பீஜித் தீவின் தேசாதிபதியானார். அங்கே பூர்வ குடிகளின் நிலம் பிறருக்கு விலைப்படாமற் காத்தார். கையிற் காசில்லாத மக்கள் விளைபொருளாகவே வரி செலுத்தலாம் என்று வகுத்தார். ஆயின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! பூர்வ குடிகளை வருத்தாதிருக்கும் பொருட்டு அவர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தார். 1879ஆம் ஆண்டு மே 14ஆந் தேதி முதற்கப்பல் வந்தது. 1916 வரை வந்தோர் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றமையால் அவருள் தமிழரும் பலராயினர். ஒப்பந்தத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அவர்கள் நாவிற் கிர்மிட் எனத் திரிந்து, துயரத்தின் பெயராகவே நிலைத்தது. எழுத்தறியாதோர் அடையாளமிட்ட தாளும் ஒப்பமிட்ட தாளே. மொரீசியஸில் 9,401 பேரின் முறைப்பாட்டுக்குச் செவிசாய்த்தவரே பீஜியில் அவ்வாயிலைத் திறந்தார் என்பதை நாம் மறைத்தல் தகாது.

1880இல் நியூசிலாந்து சென்றார். பரிகாகா என்னும் ஊரின் மௌரி மக்கள்மேற் படையனுப்ப அமைச்சர்கள் துணிந்ததை அவர் விரும்பவில்லை. 1881ஆம் ஆண்டு அவர் பீஜிக்குச் சென்றிருந்த வேளை, அக்டோபர் 19ஆந் தேதி இரவு, பதில் ஆள்பவர் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். கோர்டன் திரும்பி வந்ததும் அதே இரவிலேதான். ஆயினும் ஒப்பம் முந்திவிட்டது. நவம்பர் 5ஆந் தேதி படை புகுந்தது.

1883 டிசம்பரில் அவர் கொழும்பில் வந்திறங்கியபோது இலங்கை நலிந்திருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்துவிட்டது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி உள்ளே இற்றிருந்தது. நாட்டிற் பெருவாரியாக வழங்கிய தாள்கள் அவ்வங்கியின் தாள்களே. தோட்டக் கூலியும் கடைக் கொள்முதலும் அவற்றால் நடந்தன. 1884ஆம் ஆண்டு மே 3ஆந் தேதி, சனிக்கிழமை, வங்கி கதவடைத்தது. வங்கி அதிகாரியின் ஒப்பம் தாளில் இருந்தது. ஒப்பத்தின் பின்னே பணம் இல்லை.

இந்நிலையிற் கோர்டன் தாமதிக்கவில்லை. அவ்வங்கித் தாள்களுக்கு இலங்கை அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். வங்கியின் சொத்துப் போதாதுவிடின் குறையைத் தாங்கவேண்டியது, வருவாய் சுருங்கிய ஒரு கருவூலம். அதனை அறிந்தே அவர் துணிந்தார். வங்கியில் வைப்பிட்டிருந்தோரை இப்பிணை காக்கவில்லை. ஆனால் தாள் வைத்திருந்த ஏழையும் வணிகனும் தப்பினர். அவ்வாண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தாள் வெளியிடும் உரிமையை அரசாங்கத்துக்கு ஆக்கிற்று. மறுவருடம் அரசாங்கத் தாள்கள் வெளிவந்தன. இன்று நம் கையிற் புழங்கும் தாளின் வழிமுறை அங்கே தொடங்குகின்றது.

இதற்கு எட்டே நாளின் முன், ஏப்பிரல் 25ஆந் தேதியிட்டு, சூடான் நாட்டுக் கார்ட்டூம் நகரில் மற்றொரு கோர்டன் தாள் வெளியிட்டார் என்பது வியப்புக்குரியது. முற்றுகையிற் சிக்கிய படைத்தலைவர் சார்ள்ஸ் கோர்டனே அவர். 50,000 தாள்களில் அவர் கைப்பட ஒப்பமிட்டார்; பின்னர் படியெடுக்கும் கருவியால் ஒப்பம் பதிக்கப்பட்டது. 1885 ஜனவரி 26இல் நகரம் வீழ்ந்தது, அவரும் கொல்லப்பட்டார். அத்தாள்களே இன்று ஒப்பம் சேர்ப்போர் உலகெங்கும் விரும்பித் தேடும் பொருள்களுள் ஒன்று.

நம் கோர்டனின் பிற பணிகளும் சிலவல்ல. 1885இல் வெசாக் திருநாளைப் பொது விடுமுறையாக்கினார். கொட்டாஞ்சேனைக் கலகம் நிகழ்ந்து அப்போது ஈராண்டே ஆகியிருந்தது. கலாவாவியைத் திருத்துவித்தார். 1887இல் பொன்னம்பலம் அருணாசலத்தை மூத்தோர் பலருக்கு மேலாகப் பதிவாளர் நாயகப் பதவியில் அமர்த்தினார். அதனை எதிர்த்து எழுந்த கூக்குரலுக்கு அவர் இசையவில்லை. 1889இல் சட்டநிரூபண சபையிற் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடமளித்தார். அவ்வாண்டிலேயே மனைவியாரை இழந்தார். 1890இல் இலங்கையை விட்டகன்றார். 1893இல் ஸ்டான்மோர் பிரபுவானார். தந்தையின் சரித்திரத்தையும் எழுதினார். 1912ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் தேதி காலமானார். கோட்டையிற் கோர்டன் பூங்காவும், கறுவாத்தோட்டத்தில் ஸ்டான்மோர் பிறைவீதியும் அவர் பெயரைத் தாங்குகின்றன.

ஓரியண்டல் வங்கியின் இலங்கைத் தாள் இன்று கிடைத்தற்கரியது. அரிது என்று சேர்ப்போர் ஏங்குவர். எனக்கோ அவ்வருமையே ஒரு சான்றாகத் தோன்றுகின்றது. தாள் கொணர்ந்தோருக்குப் பணம் கிடைத்தது. ஆகவே தாள்கள் மீண்டு சென்று அழிந்தன. கார்ட்டூமில் மாற்றித் தரக் கருவூலமே இல்லாது போயிற்று, அத்தாள்கள் எஞ்சின. பெட்டகத்தில் எஞ்சிய ஒப்பத்துக்கு விலை உண்டு. நிறைவேறி மறைந்த வாக்குக்கு ஏலத்தில் விலை இல்லை. அதனால் வாழ்ந்த குடும்பங்களே அதன் மதிப்பு. மாணாக்கர் பழந்தாள் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, ஒப்பமிட்டவர் யார் என்பதோடு, அவ்வொப்பத்தைக் காத்தவர் யார் என்பதையும், பீஜியில் அத்தகைய தாளாற் கட்டுண்டவர் யார் என்பதையும் கேட்பாராக.