வரி போட்ட வில்சன்



எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்பா வீட்டு வரி ரசீதுகளைக் கட்டி வைத்திருப்பார். அதைப் பார்த்துத்தான், இந்தியாவில் முதலில் வருமான வரி போட்டது யாருன்னு தேடினேன். ஜேம்ஸ் வில்சன் கிடைத்தார்.

1805-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். தொப்பி செய்யும் தொழில் பார்த்தார். 1843-இல் ‘எகனாமிஸ்ட்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1857 கலகத்தை அடக்கிய செலவில் ஆங்கில அரசு கடனில் மூழ்கிப்போச்சு. அதைச் சரிக்கட்ட வில்சனைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

1860-இல் அவர் போட்ட திட்டப்படி, வருஷத்துக்கு 200 ரூபாய்க்குள் சம்பாதித்தால் வரி இல்லை. 500 வரை நூற்றுக்கு 2, அதற்கு மேல் 4. உப்பு வரியை ஏழையும் கட்டினார். இதையோ வெள்ளைக்கார வியாபாரியும் கட்டணும். எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஆனா விடுவார்களா? 1793-லேயே எங்கள் வரி நிரந்தரமாகிவிட்டதே என்று வங்காள ஜமீன்தார்கள் வாதாடினார்கள். அதைவிட ஆச்சரியம், நம்ம சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெலியனே எதிர்த்தார்! ஜனங்கள் கொதிப்பார்கள், பட்டாளச் செலவைக் குறைத்தாலே போதும் என்பது அவர் கட்சி. அந்தக் குறிப்பைப் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார். லண்டனிலிருந்து உத்தரவு வந்து பதவி போச்சு. அவர் சொன்னதும் பாதி சரிதான். நம்மை அடக்கின செலவை நாமே ஏன் கட்டணும்?

ஜூலை 24-இல் சட்டமானது. பதினெட்டே நாளில், ஆகஸ்ட் 11 அன்று, வில்சன் வயிற்றுக்கடுப்பு நோயால் கல்கத்தாவில் இறந்தார். வயது 55. வசூலைப் பார்க்கக்கூட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1863-இல் அவர் இருந்த அதே நிதிப் பதவிக்கு வந்தவர் யார் தெரியுமா? டிரெவெலியனேதான்! 1865-இல் வரி நின்றது. 1886-இல் புதுச் சட்டமாகத் திரும்பி வந்தது.