ரோசாப்பூ துரை

இன்றைய கேரளத்தின் செங்கன்னூரில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர் ஜார்ஜ் ஜோசப். இலண்டனில் சட்டம் பயின்று 1909இல் தாயகம் திரும்பிய அவர், மதுரையில் வழக்கறிஞராகப் பணியாற்றினார்.

குற்றம் செய்யும் இயல்பு பிறப்பிலேயே வருகிறது என்று பலர் நம்பிய காலம் அது. குற்றவாளியை மண்டையோட்டின் அமைப்பைக் கொண்டே அறியலாம் என இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ 1876இல் எழுதினார். ஆங்கில அரசோ அதற்கு முன்பே, 1871இல், இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றிவிட்டது. பின்னாளில் அது மதுரை வட்டாரப் பிரமலைக் கள்ளர் மீதும் பாய்ந்தது. எக்குற்றமும் செய்யாத உழவர்கள்கூடக் கைரேகை பதிய வேண்டும். ஆண்கள் பலர் இரவுதோறும் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டியிருந்தது. வெளியூர் செல்லவும் அனுமதிச் சீட்டு தேவை. செயலை விட்டுவிட்டுப் பிறப்பை விசாரித்த சட்டம் அது!

1920 ஏப்ரல் 3ஆம் நாள், கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களைக் காவலர்கள் சுட்டனர். பலர் மாண்டனர். ஜோசப் நீதிமன்றத்திலும் நாளிதழ்களிலும் அச்சமூகத்தாருக்காக வாதாடினார்.

இதற்குள் அறிஞர்களின் கருத்தும் மாறத் தொடங்கியிருந்தது. சார்ல்ஸ் கோரிங் என்ற ஆங்கிலச் சிறை மருத்துவர் ஏறத்தாழ 3,000 கைதிகளை ஆராய்ந்து, குற்றவாளிக்கெனத் தனி உடற்குறி இல்லை என்பதை 1913இலேயே காட்டியிருந்தார். பின்வந்தோர் வறுமை, பழக்கம், சூழல் ஆகியவற்றையும் சேர்த்தே குற்றத்தை விளக்கினர். சட்டம் மட்டும் அசையவில்லை.

ஜோசப் 1938இல் மறைந்தார். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947இல்தான். அவரை ‘ரோசாப்பூ துரை’ என்றழைத்த மக்கள், தங்கள் பிள்ளைகளுக்கும் அப்பெயரைச் சூட்டினர்.