ஆஃபர் லெட்டரைத் திருப்பிக் கொடுத்த கேப்டன்

பிளேஸ்மென்ட் சீசன். ஹாஸ்டல் முழுக்க ஒரே பேச்சு. யாருக்கு எவ்வளவு பேக்கேஜ், யாருக்கு எந்த ஊர், யாருக்கு இன்னும் வரல. இந்த நேரத்துல, கிடைத்த ஆஃபரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹாக்கி விளையாடப் போன ஒருத்தரைப் பற்றி எழுதுறது கொஞ்சம் குசும்புதான். ஆனா அவர் விட்ட வேலை சாதாரண வேலை இல்ல. ஐ.சி.எஸ்.

1920களில் இந்தியா முழுவதையும் சுமார் ஆயிரம் ஐ.சி.எஸ். அதிகாரிகள்தான் நிர்வாகம் செய்தார்கள். ஒரு மாவட்டத்தின் நிலவரி, நீதி, கருவூலம் எல்லாம் கலெக்டர் கையில். போலீஸ்கூட அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அந்த நாற்காலிக்குத் தேர்வான முதல் ஆதிவாசி என்று ஜெய்பால் சிங் முண்டாவைச் சொல்வார்கள். ஆதிவாசிகளுக்கு அரசாங்கம் என்றாலே காட்டு இலாகா காவலரும் போலீஸ்காரரும் வட்டிக்காரரும்தான் என்று இருந்த காலம் அது. அவர்களில் ஒருவர் அந்தப் போலீஸுக்கே உத்தரவு போடும் இடத்துக்குப் போகலாம் என்ற நிலை. அவர் போகவில்லை.

அவர் பிறந்தது 1903 ஜனவரி 3, இன்றைய ஜார்க்கண்டில் குந்தி பக்கம் டக்ரா என்ற கிராமத்தில். சின்ன வயசுப் பெயர் பிரமோத் பாஹன். மாடு மேய்த்த பையன். அவர் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்னால்தான், அதே முண்டா இனத்தைச் சேர்ந்த பிர்சா முண்டா ராஞ்சி சிறையில் இறந்திருந்தார். வெளியிலிருந்து வந்து நிலத்தைப் பிடுங்கியவர்களை அந்தப் பகுதியில் ‘திக்கு’ என்பார்கள். அந்த திக்குகளுக்கு எதிராக வில்லும் அம்புமாக எழுந்தவர் பிர்சா. அந்தக் கிளர்ச்சியின் சூடு ஆறாமல்தான் 1908இல் ஆதிவாசி நிலத்தை மற்றவர்கள் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. ஜெய்பால் வளர்ந்தது அந்தக் காற்றில்.

(மொழி ஆர்வலர்களுக்கு ஒரு துணுக்கு: ராஞ்சியைச் சுற்றி ஒராவோன் மக்கள் பேசும் குடுக் மொழி நம்ம தமிழோட திராவிடக் குடும்பம். முண்டாக்கள் பேசும் முண்டாரி அதற்குப் பக்கத்து வீடு, ஆனா வேறு குடும்பம்.)

ராஞ்சியில் செயின்ட் பால்ஸ் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். அங்கே தலைமை ஆசிரியராக இருந்த கேனன் காஸ்கிரேவ் பையனின் மூளையையும் காலையும் கவனித்து, இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். பிறகு ஆக்ஸ்போர்டு, செயின்ட் ஜான்ஸ் கல்லூரி, பொருளாதாரம். அங்கே ஹாக்கியில் ‘ஆக்ஸ்போர்டு புளூ’ என்ற கௌரவத்தைப் பெற்ற முதல் இந்திய மாணவர் இவர். அப்புறம் ஐ.சி.எஸ். தேர்ச்சி. பயிற்சிக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் 1928 வந்தது.

அந்த வருடம் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். இந்தியா முதல் தடவையாக ஹாக்கி அணியை அனுப்புகிறது. இந்தியாவிலிருந்து கப்பலில் வரும் அணிக்குக் கேப்டன், இங்கிலாந்தில் இருக்கும் ஜெய்பால். லீவு கேட்டார், மறுத்தார்கள். லீவு இல்லாமலே கிளம்பிவிட்டார். நம்ம ஊர்ல ஓ.டி. கிடைக்காம மேட்ச்சுக்குப் போற கதைதான், ஆனா இங்கே அட்டெண்டன்ஸ் மட்டும் போகாது, வாழ்க்கையே போகும்.

ஐந்து ஆட்டம், 29 கோல், எதிரணிகள் போட்டது பூஜ்யம். தியான் சந்த் மட்டும் 14 கோல். இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை 3-0 என்று வென்று, இந்தியா ஹாக்கியில் தன் முதல் தங்கத்தை வாங்கியது. ஆனால் அந்த இறுதி ஆட்டத்தில் கேப்டன் ஜெய்பால் களத்தில் இல்லை. நடுவிலேயே அணியை விட்டு விலகிவிட்டார். அணி மேலாளரோடு மனஸ்தாபம் என்பது அதிகம் சொல்லப்படும் காரணம். அவர் இடத்தில் பின்னிஜர் அணியை நடத்தினார். இந்தப் பழக்கத்தை மனசுல வெச்சுக்கோங்க. சேருவது, முன்னால் நிற்பது, முடிவுக்கு முன் விலகுவது. இவர் வாழ்க்கையில் இன்னொரு தடவையும் இதேபோல ஒன்று நடக்கும், அப்போது விலை ரொம்ப அதிகம்.

லண்டன் திரும்பியதும், லீவு இல்லாமல் போனதற்காகப் பயிற்சியை இன்னும் ஒரு வருடம் செய்யச் சொன்னார்கள். ராஜினாமா செய்துவிட்டார். இங்கே அவரைத் தியாகி ஆக்கிவிட வேண்டாம். அவர் அப்போது தன் மக்களுக்காக வேலையை விடவில்லை, தன்மானத்துக்காகவும் ஹாக்கிக்காகவும் விட்டார். அடுத்த பத்து வருடம் நல்ல நல்ல வேலைகளில்தான் இருந்தார். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனி, ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா) அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியர் வேலை, ராஜகுமாரர்கள் படிக்கும் ராய்ப்பூர் கல்லூரி, பிறகு பிகானீர் சமஸ்தானத்தில் உயர் பதவி. காங்கிரஸின் முதல் தலைவரான டபிள்யூ.சி. பானர்ஜியின் பேத்தியைத்தான் கல்யாணம் செய்திருந்தார். கோட்டு, சூட்டு, ஆக்ஸ்போர்டு ஆங்கிலம். டக்ரா கிராமம் ரொம்ப தூரத்தில் இருந்தது.

1937 தேர்தலுக்குப் பிறகு பல மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிசபை. சுயராஜ்யம் பாதி வந்துவிட்டது என்று ஒரு பக்கம் கொண்டாட்டம். அதில் நமக்கு எங்கே இடம் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். நம்ம நீடாமங்கலத்தையே எடுத்துக்கோங்க. 1937 டிசம்பரில் இங்கே தென்தஞ்சை மாவட்டக் காங்கிரஸ் மாநாடு நடந்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சமபந்தி என்று நம்பி பந்தியில் உட்கார்ந்த தாழ்த்தப்பட்ட தொழிலாளர்களை, பிறகு பிடித்து அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். ‘விடுதலை’ ஏடு அதை வெளியே கொண்டுவந்து மாகாணம் முழுக்கப் பேச வைத்தது. நான் பிறந்து வளர்ந்த ஊர். பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் இதைச் சொல்லித் தரல.

ராஞ்சிப் பக்கத்திலும் அதே கேள்விதான், பந்தி மட்டும் வேறு. பீகார் அரசியலில் ஆதிவாசிகளுக்கு இடமே இல்லை என்ற கோபத்தில் 1938இல் ஆதிவாசி மகாசபை உருவானது. 1939 ஜனவரியில் ராஞ்சியில் கூடிய அதன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவர்கள் கூப்பிட்டது, நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்திருந்த ஜெய்பாலை. அவர் வந்தார். அன்றிலிருந்து அவர் ‘மரங் கோம்கே’, அதாவது பெரிய தலைவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்க உதவினார் என்பதால் காங்கிரஸ்காரர்கள் அவரைச் சந்தேகமாகவே பார்த்தார்கள். அந்தச் சந்தேகம் அநியாயம் என்றும் சொல்ல முடியாது.

1946இல் அரசியல் நிர்ணய சபைக்கு பீகாரிலிருந்து உறுப்பினரானார். டிசம்பர் 19ஆம் தேதி நேருவின் குறிக்கோள் தீர்மானத்தை ஆதரித்துப் பேச எழுந்தார். படித்தவர்கள் ஆதிவாசிகளைக் கேவலமாகக் கூப்பிடும் ‘ஜங்லி’ என்ற வார்த்தையைத் தானே எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டார். காட்டுமிராண்டி என்கிற அர்த்தத்தில் சொல்லப்படும் அந்தப் பெயர் தனக்குப் பெருமைதான் என்றார். இந்த நாட்டின் ஆதிக்குடிகள் தாங்கள், மற்றவர்களில் பெரும்பாலோர் பின்னால் வந்தவர்கள் என்று நினைவூட்டினார். ஜனநாயகத்தைத் தன் மக்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்துதான் கற்க வேண்டும் என்பது அவர் வாதம். சபையில் ஆண்கள்தான் அதிகம், பெண்கள் இன்னும் வேண்டும் என்பதையும் கவனித்துச் சொன்னார். 1946இல்!

இந்த இடத்தில் கொஞ்சம் இங்கே திரும்பிப் பார்க்கலாம். குறுவை, சம்பா நடவுக்கு இப்போது டெல்டாவில் வடமாநிலத் தொழிலாளர்கள் வருகிறார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு வரிசையாக நாத்து நடுவதை நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் பஸ் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். அவர்களை நம்ம பசங்க மீம்ஸில் என்ன வார்த்தை சொல்லிக் கூப்பிடுறோம்னு எல்லாருக்கும் தெரியும். நான் அதை இங்கே எழுதல.

நடவு என்றதும் இன்னொன்று. 1948 நவம்பரில் மதுவிலக்கை அரசியலமைப்பில் சேர்ப்பது பற்றி விவாதம். காந்தியின் கனவு, எதிர்த்துப் பேசினால் கெட்ட பெயர். ஜெய்பால் எதிர்த்துப் பேசினார். சோற்றைப் புளிக்க வைத்து எடுக்கும் ‘இலி’ முண்டாக்களுக்கு வெறும் போதை இல்லை, அது படையல், சடங்கு. நாள் முழுக்க சேற்றுத் தண்ணீரில் நின்று நாத்து நடும் சந்தால் தொழிலாளிக்கு அந்த அரிசி மது இல்லை என்றால் மேற்கு வங்கத்தில் நடவே நடக்காது என்று சபைக்கு விளக்கினார். டை கட்டிய ஆக்ஸ்போர்டுக்காரர், வயல் சேற்றைப் பற்றிப் பேசுகிறார். அந்த விவாதத்தில் அவர் தோற்றார், அது 47ஆம் பிரிவாக இருக்கிறது. ‘ஆதிவாசி’ என்ற சொல்லே சட்டத்தில் வர வேண்டும் என்று கேட்டதிலும் தோற்றார். அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி திட்டமான பொருள் இல்லை என்று அம்பேத்கர் விளக்க, ‘பட்டியல் பழங்குடி’ என்பதே நின்றது. எனக்கு என்னவோ, ஜெயித்ததைவிட அவர் இந்தத் தோற்ற வாதங்களில்தான் பெரிய ஆளாகத் தெரிகிறார். அவர் எழுப்பாமல் விட்டிருந்தால் வேறு யாரும் இவற்றை அங்கே எழுப்பியிருக்க மாட்டார்கள்.

இதற்கு நடுவில் கர்சாவான். 1948 ஜனவரி 1, வியாழக்கிழமை, சந்தை நாள். சரைகேலா, கர்சாவான் சமஸ்தானங்களை ஒரிசாவோடு சேர்ப்பதை எதிர்த்து ஆதிவாசிகள் பெருங்கூட்டமாகத் திரண்டார்கள். ஜெய்பால் வந்து பேசுவார் என்று காத்திருந்தார்கள். அவர் வரவில்லை. ஒரிசா போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. அப்போது பத்திரிகையில் வந்த எண்ணிக்கை 35. ஊர்க்காரர்கள் சொல்லும் கணக்கு நூற்றுக்கணக்கில், சிலர் ஆயிரத்தையும் தாண்டும் என்பார்கள். சுதந்திரம் வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. சில மாதங்களில் அந்த இரண்டு சமஸ்தானங்களும் பீகாருக்கே மாற்றப்பட்டன. இன்றைக்கும் புத்தாண்டு அன்று கர்சாவானில் கேக் வெட்டுவதைவிட அஞ்சலி செலுத்த வருகிறவர்கள்தான் அதிகம்.

பிறகு ஜார்க்கண்ட் கட்சி. சேவல் சின்னம். தனி மாநிலம் ஒன்றே கோரிக்கை. 1952 தேர்தலில் பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்கள், பிரதான எதிர்க்கட்சி. ஜெய்பால் மக்களவைக்குப் போனார், சாகும்வரை அங்கே இருந்தார். ஆனால் மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் ஜார்க்கண்ட் கோரிக்கையை ஏற்கவில்லை. 1962இல் கட்சி 20 இடங்களுக்கு இறங்கியது. பணம் இல்லை, எம்.எல்.ஏ.க்களைப் பிடித்து வைக்க முடியவில்லை.

1963இல் கட்சியை அப்படியே காங்கிரஸில் கரைத்துவிட்டார். மாநிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கை என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள், பதவி ஆசை என்று மற்றவர்கள். பீகார் முதல்வர் வினோதானந்த் ஜா அவரை அமைச்சராக்கினார். அதுவும் சில வாரம்தான். காரணம் யார் தெரியுமா? நம்ம காமராஜர். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்கு வர வேண்டும் என்ற காமராஜர் திட்டத்தில் பதவி விலகிய முதல்வர்களில் ஜாவும் ஒருவர். அவரோடு ஜெய்பாலின் மந்திரி பதவியும் போயிற்று. விருதுநகர்க்காரர் போட்ட ஒரு திட்டம் ராஞ்சியில் ஒருத்தர் கணக்கைக் கலைத்த கதை.

இணைப்பு தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். சேவல் சின்னத்துக்கு ஓட்டுப் போட்ட ஜனங்களிடம் அவர் கேட்டுவிட்டுச் செய்யவில்லை. வேலையை விட்டபோது நஷ்டம் அவருக்கு மட்டும். கட்சியை விட்டபோது நஷ்டம் பட்டவர்கள் வேறு ஆட்கள். கடைசிக் காலத்தில் அவரே வருந்தினார் என்று சொல்பவர்கள் உண்டு. 1970 மார்ச் 20 அன்று டெல்லியில் இறந்தார். டக்ராவில்தான் அவர் கல்லறை.

கோரிக்கை சாகவில்லை. 1970களில் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவைத் தொடங்கியவர்களில் ஏ.கே. ராய் என்றொருவர் உண்டு. சிந்த்ரி உரத் தொழிற்சாலையிலிருந்து அரசியலுக்கு வந்து, தன்பாத் எம்.பி. ஆனவர். கெமிக்கல் இன்ஜினியர், நம்ம டிபார்ட்மென்ட் பசங்க கவனிக்க. 2000 நவம்பர் 15, பிர்சா முண்டா பிறந்த நாளில் ஜார்க்கண்ட் தனி மாநிலமானது. ஜெய்பால் போய் 30 வருடம் ஆகியிருந்தது. அவர் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள் 2004இல்தான் புத்தகமாக வந்தன. ‘லோ பிர் செந்த்ரா’ என்று தலைப்பு, முண்டாரி மொழியில் காட்டு வேட்டையைக் குறிப்பது. ஆங்கிலத்தில் இருக்கிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டுற நேரத்துக்கு ஒரு அத்தியாயம் தாராளமா முடிச்சிடலாம்.