ஊர் ஊராகச் சுற்றிக் காதல் கதை எழுதிய 'கல்கி': மாமல்லபுரம் மணலில் பிறந்தாள் சிவகாமி!

சிறுசேரி, டிச.5-

பழைய மகாபலிபுரம் ரோட்டில் சிறுசேரியைத் தாண்டித் தெற்கே போனால் படூர், கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர், பூஞ்சேரி. அப்புறம் மாமல்லபுரம்தான். மொத்தம் முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது.

இந்த ரோடு போய்ச் சேருகிற கடற்கரையில்தான் தமிழ்நாட்டையே அழ வைத்த ஒரு காதல் கதை பிறந்தது. கதையின் பெயர் 'சிவகாமியின் சபதம்'. எழுதியவர் 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி.

இன்று அவருடைய நினைவு நாள். 1954-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி சென்னையில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 55.

ஆள் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அவர் உண்டாக்கிய சிவகாமியும் வந்தியத்தேவனும் பூங்குழலியும் இன்னும் சாகவில்லை. அதற்கு ஒரு முக்கியக் காரணம், மனிதர் ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டு கதை கட்டியவர் அல்ல. கதை நடக்கிற மண்ணைத் தேடிப் போனவர். அதற்காகப் பட்ட அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

கணக்குப்பிள்ளை மகன்

மாயவரம் பக்கத்தில் மணல்மேடு. அதை அடுத்த புத்தமங்கலம் என்ற சின்ன கிராமத்தில் 1899-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். அப்பா ராமசாமி அய்யர் ஊர்க் கணக்குப்பிள்ளை. அம்மா தையல்நாயகி. வசதியான குடும்பம் என்று சொல்ல முடியாது.

திருச்சியில் ஹைஸ்கூல் படிப்பு. இறுதிப் பரீட்சை எழுதினால் ஒரு குமாஸ்தா வேலையாவது கிடைக்கும். அந்த நேரம் பார்த்து காந்திஜி ஒத்துழையாமை இயக்கத்துக்கு அழைப்பு விடுத்தார். 1921-ல் பையன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான்!

அடுத்த வருஷமே மேடைப் பேச்சுக்காக ஓராண்டு சிறை. 1930-ல் மறுபடி கைது. ஆறு மாதம் உள்ளே.

நடுவில் 1923-ல் திரு.வி.க.வின் 'நவசக்தி' பத்திரிகையில் வேலை. தமிழ் உரைநடையில் நல்ல பயிற்சி கிடைத்தது அங்கேதான். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமம். அங்கே ராஜாஜியுடன் சேர்ந்து 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தினார்.

ஆசிரம நாட்களில் சேலம், கோவை வட்டாரத்து கிராமங்கள் பழக்கமாயின. அந்தப் பழக்கம் வீண் போகவில்லை. பின்னால் 'மகுடபதி' கதைக்கு கொங்கு நாட்டையே களமாக்கினார். சேலம் - நாமக்கல் ரோட்டில் பாறை இடுக்கில் மான் நிற்பது மாதிரி தோன்றுகிற ஒரு குன்று உண்டு. கிட்டே போனால் மானும் இல்லை, ஒன்றும் இல்லை! அதை வைத்தே 'பொய்மான் கரடு' என்று ஒரு கதை எழுதிவிட்டார்.

கொள்ளிடக்கரைக் கள்வன்

சிறையிலிருந்து வந்ததும் எஸ்.எஸ். வாசனின் 'ஆனந்த விகட'னில் ஆசிரியர் பொறுப்பு. நையாண்டிக் கட்டுரை, 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் சங்கீத விமர்சனம் என்று எழுதித் தள்ளினார்.

1937-ல் 'கள்வனின் காதலி' தொடர்கதை தொடங்கியது. கொள்ளைக்காரனாகிவிட்ட முத்தையன், அவனையே நினைத்து உருகும் கல்யாணி. கதை நடப்பது கொள்ளிடக்கரைக் காட்டில். இதற்கு அவர் டிக்கெட் எடுத்து எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் பார்த்து வளர்ந்த சீமைதானே! கண்ணீரில் முடிந்த அந்தக் காதல் கதை அவரை வீட்டுக்கு வீடு தெரிந்த எழுத்தாளர் ஆக்கியது.

அடுத்தது 'தியாகபூமி'. பத்திரிகையில் தொடர்கதை வரும்போதே கே. சுப்பிரமணியம் அதைப் படமாக எடுத்தார். படத்தின் ஸ்டில்களே கதைக்குப் படங்களாக வந்தன. 1939-ல் வெளியான அந்தப் படத்துக்கு வெள்ளைக்கார சர்க்கார் தடை போட்டது.

பேரும் புகழும், மாதச் சம்பளமும் இருந்தன. வேறு யாராவது என்றால் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். இவரோ தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சேர வேலையை விட்டுவிட்டார். மூன்று மாதம் சிறை. வெளியே வந்தபோது கையில் உத்தியோகம் இல்லை. வீட்டில் மனைவி ருக்மணி, மகள், மகன்.

நண்பர் டி. சதாசிவம் கைகொடுத்தார். அவருடைய மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்துக் கிடைத்த பணம் மூலதனமாக வந்தது. 1941 ஆகஸ்டில் 'கல்கி' பத்திரிகை பிறந்தது.

சொந்தப் பத்திரிகை என்றால் சும்மாவா? தலையங்கம் எழுத வேண்டும், விமர்சனம் எழுத வேண்டும், தொடர்கதையும் எழுத வேண்டும். அதுவும் வாரம் தவறாமல்!

கடற்கரையில் வந்த கனவு

கல்கியின் முதல் சரித்திரத் தொடர் 'பார்த்திபன் கனவு'. அதிலேயே மாமல்லபுரம் வந்துவிட்டது. நாடு கடத்தப்பட்ட சோழ இளவரசன் விக்கிரமன் ரத்தின வியாபாரி வேஷத்தில் வந்து இறங்குவது அங்கேதான்.

ஆனால் மாமல்லபுரம் அவர் மனசைப் பிடித்துக்கொண்டது அதற்கும் முந்தி. ரசிகமணி டி.கே.சி.யுடன் ஒரு முறை அந்தக் கடற்கரைக்குப் போயிருந்தார். மணலில் உட்கார்ந்திருந்தபோது மனக்கண்ணில் ஒரு பெரிய சிற்பி வந்தார். நடனமாடும் ஒரு பெண் வந்தாள். காதலில் தவிக்கும் ஒரு ராஜகுமாரன் வந்தான். ஆயனரும் சிவகாமியும் மாமல்லனும் வந்த விதம் இதுதான் என்று பிற்பாடு அவரே புத்தக முன்னுரையில் சொல்லிவிட்டார்.

உடனே எழுதிவிட்டாரா? இல்லை. பல வருஷம் மனசிலேயே ஊறப்போட்டார். 1944-ல்தான் தொடர் ஆரம்பம். 1946 வரை ஓடியது.

மாமல்லன் நரசிம்மவர்மன் நிஜ ராஜா. அவன் வாதாபியைப் பிடித்தது 642-ம் ஆண்டில். அங்கே பாறையில் அவன் பெயர் சொல்லும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. படை நடத்திய பரஞ்சோதியும் நிஜம். சிவகாமி மட்டும் கல்கியின் கற்பனை.

ஆயனருக்கு அஜந்தா வர்ணங்களின் ரகசியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வெறி. அதை எழுதுகிறவர் அஜந்தாவைப் பார்க்காமல் இருப்பாரா? ஓவியர் மணியத்தையும் அழைத்துக்கொண்டு போய்க் குகை ஓவியங்களைப் பார்த்து வந்தார்.

கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். சபதம் நிறைவேறுகிறது, வாதாபி எரிகிறது. ஆனால் சிவகாமிக்கு மாமல்லன் கிடைக்கவில்லை. அவனுக்குப் பாண்டிய ராஜகுமாரியோடு கல்யாணம் ஆகிவிடுகிறது. சிவகாமி காஞ்சி ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்புக்கொடுத்து விடுகிறாள்.

சேர்த்து வைத்திருந்தால் வாசகர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். சேர்த்து வைக்காததால்தான் மறக்க முடியாமல் தவிக்கிறார்கள்!

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது. கேவாத பெருந்தச்சன் முதலிய கல்தச்சர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயனர் கற்பனைதான். ஆனால் அவரைப் போல உளி பிடித்தவர்கள் இந்தப் பக்கம் வாழ்ந்ததற்கு அந்தப் பாறையே சாட்சி.

கடல் கடந்த பயணம்

1950-ல் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. அதற்காகக் கல்கி மணியத்தோடு இலங்கைக்கே போனார். பாழடைந்த அனுராதபுரத்தைப் பார்த்தார். கதையில் அருள்மொழிவர்மனும் வந்தியத்தேவனும் அந்த வீதிகளில் நடக்கும்போது, நாமும் கூடவே நடக்கிற மாதிரி இருப்பது இதனால்தான்.

மணியமும் சும்மா போகவில்லை. கோயில் தூண், சிலையின் நகை, கொண்டை எல்லாவற்றையும் பார்த்து வரைந்துகொண்டார். குந்தவை என்றதும் இன்றைக்கும் வாசகர் மனசில் வருகிற முகம் அவர் கொடுத்த முகம்தான்.

கதையைப் படித்தவர்கள் ஒரு பெரிய யாத்திரை போய் வந்துவிடலாம். வீராணம் ஏரி, கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை, நாகப்பட்டினம், காஞ்சி என்று நீள்கிறது ஊர்ப் பட்டியல். ஆதித்த கரிகாலனும் பார்த்திபேந்திரனும் திருக்கோவலூர் மலையமானும் கூடிப் பேசுவது நம்ம மாமல்லபுரத்தில்தான்!

ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற அந்த வீராணம் ஏரியிலிருந்துதான், 2004 முதல் சென்னைக்குக் குழாயில் குடிநீர் வருகிறது. அதே 2004-ல் வந்த சுனாமி, கோடிக்கரையில் மிச்சமிருந்த சோழர் காலத்துப் பழைய கலங்கரை விளக்கத்தை இடித்துத் தள்ளிவிட்டது. பூங்குழலியின் கோடிக்கரை விளக்கை இனி கதையில்தான் பார்க்க முடியும்.

போய்ப் பார்த்து எழுதி வைத்ததன் அருமை இப்போது புரிகிறது அல்லவா?

முடியாத கதை

ஐந்து பாகம். மூன்றரை வருஷம். 1954-ல் 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது கல்கியின் உடம்பு நைந்து போயிருந்தது. ஜெயில் வாசம், பிரயாணம், ராத்திரி கண்விழிப்பு, வாரா வாரம் நெருக்கும் அச்சு வேலை. இதற்கிடையில் எட்டயபுரத்தில் பாரதிக்கு மண்டபம் கட்ட நிதி திரட்டி, 1947-ல் அதையும் கட்டி முடித்திருந்தார்.

கொஞ்ச நாள் ஓய்வு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. 'அமரதாரா' என்று இன்னொரு தொடரை ஆரம்பித்துவிட்டார். அது பாதியில் நிற்கும்போதே உயிர் பிரிந்தது.

கதை அநாதையாகிவிடவில்லை. மகள் ஆனந்தி, அப்பா வைத்துவிட்டுப்போன குறிப்புகளைக் கொண்டு அதை எழுதி முடித்தார். தன் துக்கத்தையும் வைத்துக்கொண்டு, அப்பாவின் வாசகர்களை நடுவழியில் விட்டுவிடாமல் கரை சேர்த்த அந்த மகளுக்கு எத்தனை நெஞ்சுரம் இருந்திருக்க வேண்டும்!

'அலை ஓசை' நாவலுக்கு 1956-ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை. பிற்காலத்தில் அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதனால் இன்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். புத்தகக் கடைகளில் பல பதிப்புகள் குவிந்து கிடப்பது அதனால்தான். மணிரத்னம் எடுத்த படம் 2022, 2023-ல் இரண்டு பாகமாக வந்தபோது, புது வாசகர்கள் ஐந்து பாகத்தையும் தேடி வாங்கினார்கள்.

பக்கத்திலேயே இருக்கு!

சிறுசேரி சிப்காட்டில் ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். லீவு நாளில் மாமல்லபுரம் போகிறவர்கள் நிறையப் பேர். கடற்கரைக் கோயிலைப் பின்னால் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

அடுத்த தடவை போகும்போது 'சிவகாமியின் சபதம்' முதல் பாகத்தைப் படித்துவிட்டுப் போய்ப் பாருங்கள். வழியில் பூஞ்சேரியில் இறங்கி, கல்தச்சர்களின் பெயர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ராஜாக்களின் பெயரைத்தான் ஊரெல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல் உடைத்தவன் பெயரும் கிடைக்கிற இடம் அபூர்வம். அது சிறுசேரியிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேருகிற தூரத்தில் இருக்கிறது.